வர இயலாதோரின் ஞாயிறு

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நோய்த் தொற்று மறுபடியும் பெருகிவிடுமோ என்ற அச்சத்தினால், வாரந்தோறும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று தினங்களிலும் வழிபாட்டுத் தலங்களுக்குள் பொதுமக்கள் செல்லலாகாது என்று தமிழக அரசு உத்தரவு பிறப்பித்தபோது, திருச்சிராப்பள்ளியைச் சுற்றி வாழும் எங்களுக்கு அந்த மூன்று கிழமைகளின் கனம் என்னவென்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சமயபுரத்தாளுக்கு உரியது, அதிலும் அப்போது ஆடி மாதம்; அதே வெள்ளி நத்தர்வலி தர்காவை அடுத்த வீதிகளில் ஜும்மா தொழுகைக்கு உரியது; சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு உரியது; ஞாயிறோ, கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் உள்ள கிறிஸ்தவ ஆலயங்களுக்கு உயிர் போன்றது. அக்டோபர் 14ஆம் தேதி அந்தத் தடை நீங்கும்வரை, ஒரு மாவட்டத்தின் எல்லாச் சமயத்தாரும் ஒரே விதமாகக் கதவுக்கு வெளியே நின்றார்கள். சர்வ சமய ஒற்றுமைக்கு இப்படியும் ஒரு வழி உண்டு போலும்!

ஆயினும் அந்த நிற்றலில் ஒரு வேற்றுமை இருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். கோயிலில் ஆறு கால பூஜை என்பது பக்தர் வந்தாலும் வராவிட்டாலும் நடக்க வேண்டிய கைங்கரியம். சமயபுரத்தில் மாசி மாதத்துக் கடைசி ஞாயிறன்று தொடங்கி 28 நாள் அம்மன் மேற்கொள்ளும் பச்சைப் பட்டினி விரதம், உலக மக்களின் நலத்துக்காக அவளே நோற்பது என்பது நம்பிக்கை. துள்ளு மாவும் இளநீரும் பானகமுமாக அது நடந்தேறுவதற்குக் கூட்டம் ஒரு நிபந்தனையன்று. 2020 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பும் வைகுண்ட ஏகாதசியும் ஒரே நாளில் வந்தபோது, ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் விடியற்காலத்தில் பக்தர் திரள் இல்லாமலே திறந்தது. ஜனங்கள் அதைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு வீட்டிலிருந்தபடியே கை கூப்பினார்கள். வாசல் திறந்தது உண்மை, அதில் குறைவொன்றுமில்லை. கிறிஸ்தவ ஆராதனையின் அமைப்போ வேறு. குருவானவர் ஒன்று சொல்ல, சபையார் ஒன்று பதில் சொல்ல, அவர் கை உயர்த்த, இவர்கள் ஆமென் என்று முடிக்க, பாதிப் பேச்சு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வழிபாடு அது. பெஞ்சுகள் காலியாக இருந்தால் அங்கே பாதி வார்த்தைகள் சொல்லப்படாமல் நின்றுவிடும். இதனால்தான் 2020 மார்ச்சில் கதவுகள் அடைபட்டவுடன் மிக அவசரமாகவும், சில இடங்களில் மிகப் பரிதாபமாகவும், கைப்பேசியைத் தாங்குகாலில் நிறுத்திவைத்துப் பூசையும் ஆராதனையும் அனுப்பத் தொடங்கினார்கள். அவ்வாண்டு வேளாங்கண்ணித் திருவிழாவின் கொடியேற்றம்கூட யாத்திரிகர்கள் இல்லாமல் நடந்து, ஒளிபரப்பின் வாயிலாகவே அவர்களுக்கு எட்டியது.

நாளடைவில் இந்த ஏற்பாடு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றோடு நிற்கவில்லை. வாரம் முழுவதும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்துக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் சிறிய கண்ணாடித் திரைக்குள் குடியேறின. செவ்வாய் அந்தோணியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், அன்பியக் கூட்டம், பீடச் சிறுவர்களின் பயிற்சி, மறைக்கல்வி வகுப்பு எனக் கத்தோலிக்கப் பங்குகளிலும், உபவாச ஜெபம், மாதர் சங்கம், வாலிபர் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழுவின் ஒத்திகை எனத் தென்னிந்தியத் திருச்சபையிலும், திருச்சியில் தலைமையகத்தை உடைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும், எல்லாம் ஒரு இணைப்பைத் தட்டினால் திறந்தன. இவற்றுள் பாட்டு மட்டும் கடைசிவரை இணங்கவில்லை. ஒருவர் குரல் மற்றவரை வந்தடைவதற்குள் அரை நொடியோ ஒரு நொடியோ கடந்துவிடுவதால், பத்து வீடுகளிலிருந்து பத்துப் பேர் ஒரே கீர்த்தனையைப் பாடினால் அது பத்துக் கீர்த்தனைகளாகிவிடும். தாளம் போட்டவர் ஓரிடத்திலும் பல்லவி வேறோரிடத்திலும் அலையும். எனவே ஒருவர் பாட, மற்றவர்கள் ஒலிவாங்கியை அடைத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்குள்ளேயே தனித்தனியே பாடிக்கொண்டார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் காலந்தொட்டுக் கை கொட்டிப் பாடிப் பழகிய தஞ்சை, திருச்சிச் சீமைச் சபைகளுக்கு இது பெருந்துன்பம். கூடிப் பாடுதல் ஒன்றையாவது இயந்திரம் நமக்கே விட்டுவைத்தது என்பதில் எனக்கு ஓர் அந்தரங்கமான திருப்தியும் உண்டு.

இனி, வராதவர்களின் விஷயத்துக்கு வருவோம். தொற்றுநோய்க் காலத்தில் எல்லோருமே வராதவர்களாகிவிட்டதால், அதற்கு முன்பிருந்தே வர இயலாதிருந்தவர்கள் முதல் முறையாக மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த பாட்டி, சக்கர நாற்காலியைப் படியேற்ற ஆளில்லாத வாலிபன், ஞாயிற்றுக்கிழமையும் ஆலையில் இரவு முறை பார்த்துவிட்டு விடியலில் திரும்புகிறவர், படுத்த படுக்கையான மாமியாரை விட்டு நகர முடியாத மருமகள், ஆரவாரம் பொறாத குழந்தையோடு கூட்டத்தில் தத்தளிக்கும் தாய் ஆகிய இவர்கள் எவரும் 2020இல் ஆராதனையை இழந்தவர்கள் அல்லர். நெடுங்காலத்துக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நம் பழைய ஆலயங்களின் உயர்ந்த படிக்கட்டுகளும் குறுகிய பக்க வாசல்களும் எந்தச் சமயத்து ஊனமுற்றோரையும் வேறுபாடு காட்டாமல் வெளியே நிறுத்துகின்றன.

கடல் கடந்தவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! வளைகுடாவில் ஆலயம் உள்ள இடங்களுள், வார விடுமுறை வெள்ளியாக இருக்கும் நாடுகளில், வெள்ளிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமையின் ஸ்தானத்தை எடுத்துக்கொள்வதுண்டு. சவூதி அரேபியாவிலோ ஆலயமே கிடையாது. அங்கே ஒரு தொழிலாளர் விடுதியின் அடுக்குக் கட்டிலில் படுத்தபடி, பாலக்கரையிலோ லால்குடியிலோ நடக்கும் பூசையைக் காதில் வாங்குகிறவனிடம் போய், இது மெய்யான வழிபாடா என்று ஆராய்ச்சி நடத்த எனக்குத் துணிவில்லை.

இந்த ஆராய்ச்சி புதியதும் அன்று. 1923ஆம் ஆண்டு லண்டனில் அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து வானொலியில் ஒலிபரப்பலாம் என்ற யோசனை எழுந்தபோது, மதுக்கடையில் உட்கார்ந்து தலையில் தொப்பியுடன் அதைக் கேட்பவர்கள் இருக்கக்கூடுமே என்று அஞ்சி, ஆலய நிர்வாகத்தார் அதை மறுத்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டே, 1924 ஜனவரி 6ஆம் தேதி, அதே லண்டனில் புனித மார்ட்டின் ஆலயத்தின் ஆராதனையை பி.பி.சி. ஒலிபரப்பியது, தொப்பியால் எந்த அனர்த்தமும் விளைந்ததாகத் தெரியவில்லை. 1931இல் மார்க்கோனியே அமைத்துத் தர வத்திக்கான் வானொலி தொடங்கியது. பின்னர் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும், விஸ்வவாணி நிகழ்ச்சிகளும் நம் கிராமங்களில் எத்தனை வீடுகளின் விடியலையும் இரவையும் நிரப்பின என்பது அந்தத் தலைமுறையாருக்குத் தெரியும். வேரித்தாஸ் 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு முழுவதும் இணையத்துக்கு மாறியது. தொப்பியோடு கேட்பவனைப் பற்றிய அச்சம் மட்டும், கட்டிலில் சாய்ந்து காப்பி அருந்திக்கொண்டே பூசை பார்ப்பவனைப் பற்றிய கவலையாக, இன்றும் பிரசங்கங்களில் உலாவுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலியையே நியமித்திருக்கிறது. அசிசி நகரத்துக் கிளாரா, நோயுற்றுப் படுக்கையில் இருந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தன்னால் போக இயலாத ஆலயத்தின் வழிபாட்டைத் தன் அறையில் இருந்தபடியே கண்டாள் என்பது மரபு. அதைக் காரணமாகக் கொண்டு 1958இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அவளுக்கு அந்த ஸ்தானத்தை அளித்தார். அவரே, ஒளிபரப்பில் பூசையைக் காண்பதால் ஞாயிறு கடமை நிறைவேறிவிடாது என்றும் தெளிவாக எழுதியவர். இவ்விரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. வரக்கூடியவனுக்கு ஒரு சட்டம், வர இயலாதவளுக்கு ஒரு கருணை என்று அவர் பிரித்து வைத்தார். நாம்தான் சட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிக் கருணையை மறந்துவிடுகிறோம்.

இதைவிடப் பழமையான சாட்சியம் ஒன்றும் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற வேதசாட்சி, அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு கூடினார்கள் என்பதை ரோமச் சக்கரவர்த்திக்கு விவரித்து எழுதியபோது, வேத வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அன்றைக்கு வராதவர்களுக்கு உதவிக்குருக்கள் பங்கு எடுத்துச் சென்று கொடுக்கிறார்கள் என்பதையும் அந்த வரிசையிலேயே சேர்த்தார். வராதவரும் அன்றைய சபையின் கணக்கில் ஓர் அங்கம். அவருக்குப் பங்கு போய்ச் சேரும்வரை அன்றைய ஆராதனை முடியவில்லை. நம் ஊர்களில் முதல் வெள்ளிக்கிழமைதோறும் பங்குத்தந்தை நோயாளிகளின் வீடு தேடி நற்கருணை கொண்டுபோவதும், போதகரான ஐயரும் சபை ஊழியரும் படுக்கையில் கிடப்பவருக்குத் திருவிருந்து கொடுக்கப் போவதும் அந்தப் பழைய மரபின் தொடர்ச்சியே.

இணையத்தை நான் மதிப்பிடுவதும் இந்த அளவுகோலைக் கொண்டுதான். அப்படிப் பார்த்தால் இன்றைய நிலை திருப்தி தருவதாக இல்லை. ஊரடங்கு நீங்கி, நலமுடையவர்கள் எல்லோரும் பெஞ்சுகளுக்குத் திரும்பியதும், பல ஆலயங்களில் அந்தக் கைப்பேசியும் தாங்குகாலும் மூலைக்குப் போயின. நிறுத்தாமல் வைத்துக்கொண்ட இடங்களிலோ, அது வேறு ரூபம் எடுத்தது. இரண்டு கேமரா மூன்றாயிற்று. பீடத்தைச் சுற்றி வண்ண விளக்குகள் வந்தன. திருவிழாத் தேரும் அசனப் பந்தியும் ஆயர் வருகையும் அழகாகப் படம் பிடிக்கப்படுகின்றன. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று பெருமையோடு அறிவிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த ஆயிரங்களில் படுக்கையில் கிடக்கும் தம் சபையார் பன்னிரண்டு பேர் இருந்தார்களா, இந்த வாரம் அவர்களுள் ஒருவரைக் காணவில்லையே, ஏன் என்று கேட்பார் இல்லை. 2020இல் நடந்த அந்தப் பரிதாபமான, அடிக்கடி அறுந்துபோன கூட்டங்களில், யார் வந்தார்கள் என்று பெயர் சொல்லி விசாரித்தார்கள். பாட்டியின் பேரன் திரையைச் சரியாகத் திருப்பும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். தரம் உயர்ந்த இன்றைய ஒளிபரப்பில் எவரும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் ஆயர் மாறிவிடுவார் என்பது கத்தோலிக்கருக்குத் தெரியும். தென்கரை திருச்சி மறைமாவட்டம். சமயபுரத்துக்கு அருகிலுள்ள புறத்தாக்குடிச் சவேரியார் கோயில் முதலிய வடகரைப் பங்குகள், 1899இல் அமைந்த கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இணையத்துக்கு இந்த ஆறு ஒரு தடையன்று. வடகரைக் குடும்பம் ஒன்று தென்கரைப் பசிலிக்காவின் நவநாளைப் பார்க்கலாம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு பிரசித்தமான பிரசங்கியாரைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் பாவமொன்றுமில்லை, ஆயினும் நாவன்மை இல்லாத, தொண்டை கட்டிய, ஆனால் நம் வீட்டுச் சாவுக்கு நள்ளிரவில் சைக்கிளில் வந்து நிற்கும் உபதேசியாரை, ஒரு விரல் அசைவில் ஒதுக்கிவிட்டு, நம்மை யாரென்றே அறியாத வாய்ச்சொல் வீரரிடம் காணிக்கை அனுப்பும் பழக்கம் வளர்ந்துவருவது நல்லதற்கன்று என்பது என் அபிப்பிராயம்.

காதுகேளாதோரைப் பற்றி ஒரு சொல். பாளையங்கோட்டையில் 1897 முதலே காதுகேளாதோர் பள்ளி நடத்திவரும் பெருமை தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்துக்கு உண்டு. கேரளத்தில், 2024 மே மாதம் திருச்சூரில், ஜோசப் தேர்மடம் என்பவர் இந்தியாவின் முதல் காதுகேளாத கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்; சடங்கு சைகை மொழியிலும் நடந்தது. இவ்வளவு இருந்தும், நம் மாவட்டத்து ஞாயிறு ஒளிபரப்புகளில் திரையின் ஒரு மூலையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காண்பது அபூர்வம். எழுத்தாவது ஓடுகிறதா என்றால், பாட்டின் வரிகள் ஓடும், பிரசங்கம் ஓடாது. பாட்டு ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது பிரசங்கம்தானே!

அனைவரையும் அணைத்துக்கொள்வது பற்றிப் பேசும்போது சாதியை ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது பேச்சாகாது. திருச்சி மறைமாவட்டத்தோடு அக்காலத்தில் சேர்ந்திருந்த வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைக்கும்படி கோயிலே கட்டப்பட்டு, நடுவில் சுவரும் இருந்தது. கௌசானல் அடிகளார் 1910இல் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார்; மேல்சாதியார் வழக்காடினர்; சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கோரிய உரிமை கிட்டவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, நம் திருச்சியிலேயே, மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதியால் பிரித்து நிற்கும் சுவரை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த ஊரடங்குக் காலத்துத் திரைகளைப் பார்க்க வேண்டும். அங்கே முன் வரிசை கிடையாது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்பதும் கிடையாது. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை இயந்திரம் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பார்களா என்பது வேறு சங்கதி. சுவரில்லாத இடத்தில் ஓராண்டு உட்கார்ந்து பழகிய மனிதர்கள், சுவருள்ள இடத்துக்குத் திரும்பியபோது அதைக் கவனித்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் சாதிக்கென்று தனி வாட்ஸ்அப் குழு அமைப்பதற்கு எவருக்கும் கொத்தனார் தேவையில்லை என்பதையும் நான் மறந்துவிடவில்லை.

திருவிருந்தைத் திரை வழியே கொடுக்கலாமா, வீட்டில் எடுத்துவைத்த அப்பத்துக்குத் தூரத்திலிருந்து ஆசீர்வாதம் செல்லுமா என்பன போன்ற வினாக்களை ஆயர்களும் இறையியல் வல்லுநர்களும் தீர்க்கட்டும். திருச்சபைக்குத் திருச்சபை விடை வேறுபடும். ஆனால் ஒரு பங்குப் பேரவையோ சேகரக் கமிட்டியோ எவரிடமும் அனுமதி கேளாமல் செய்யக்கூடியவை சில உண்டு. ஆலயத்துக்கு வர இயலாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். அது இராத சபை எதுவும் இருக்கலாகாது. வாரத்தில் ஒரு நாள், ஒளிபரப்பாக அல்லாமல் இருபுறமும் பேசக்கூடிய ஒரு கூட்டத்தை, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், அவர்களையே வேதம் வாசிக்கவைத்து நடத்தலாம். படுக்கையில் கிடப்பவருக்குக் குரல் இருக்கிறது, வாசிக்கக் கண்ணும் இருக்கிறது, கேட்பாரில்லாமைதான் குறை. கைப்பேசி இல்லாத வீட்டுக்கு, அந்த நேரத்தில் கைப்பேசியோடு போய் உட்கார வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம். இரண்டு வாரம் ஒருவர் திரையில் காணப்படாவிட்டால் மூன்றாம் வாரம் கதவைத் தட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதி வைக்கலாம். சைகை மொழி அறிந்தவருக்கு உரிய ஊதியம் கொடுத்து, மாதம் ஒரு முறையாவது அழைக்கலாம்.

பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். கேட்பது அவருடைய தர்மம். திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு, வாணவேடிக்கை, ஒலிபெருக்கி, அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் என்று ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பல தலைப்புகள் இருக்கின்றன. வர இயலாதோர் என்று ஒரு தலைப்பும் அதில் ஏறட்டும். முதலாண்டில் விளக்குச் செலவில் பத்தில் ஒரு பங்கை அதற்கு மாற்றி எழுதினாலும் போதும்.